மலருக்கு: தோட்டத்து மண்ணை இப்போது கொட்ட வேண்டாம்

அன்புள்ள மலருக்கு,

பூச்சுவேலை முடிந்து கார்பென்டருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று என்று அம்மா சொன்னார்கள். கூடவே தோட்டத்துக்கு இரண்டு டிப்பர் செம்மண் சொல்லியிருக்கிறாயாமே. அந்த மண்ணை முதலில் நிறுத்து. உள்வேலையை ஒருவரிடமும் தோட்டத்தை இன்னொருவரிடமும் விட்டுவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் போகும்போதுதான் புதுவீட்டுச் சுவரில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறுகிறது. இன்ஜினியர் இல்லாமல் நீயே நின்று கட்டுவதால் அந்த ஆள் நீதான்.

சேலம் கன்னங்குறிச்சியில் மலையடிவாரத்து மனை உன்னுடையது. பலத்த மழையில் மேட்டுத் தண்ணீர் பின்பக்கத்தில்தான் முதலில் சேரும். ஆகவே பேஸ்மட்ட பெல்ட்டின் (அஸ்திவாரத்துக்கு மேல், சுவருக்கு அடியில் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையின்) மேல்விளிம்பை வீட்டைச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள். வெளித்தரை எந்த இடத்திலும் அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். சுவரை ஒட்டி மண்ணைக் குவித்துச் செடி வைத்தால், பெல்ட்டுக்கு மேலே உள்ள செங்கல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். உள்ளே சுவரடி டைல்ஸ் பட்டைக்கு (ஸ்கர்டிங்) மேல் ஒரு முழம் உயரத்துக்குப் பெயின்ட் பொருக்குவிடும். பெயின்ட்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கத் தடவும் பட்டியை (புட்டி) எத்தனை முறை பார்த்தாலும் அது நிற்காது.

சுவரை ஒட்டி இரண்டரை அடி அகலத்துக்குக் கான்கிரீட் நடைமேடை போடச் சொல். அந்த அகலத்துக்கு 1 அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் (சரிவு) வேண்டும். கடைக்கால் (அஸ்திவாரம்) தோண்டி மூடிய மண்ணை அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய பிறகே கான்கிரீட். இறுக்காமல் போட்டால் ஒரு மழைக்காலத்தில் மண் அமுங்கி, நடைமேடை வீட்டுப்பக்கமே சாயும். அப்புறம் அது இல்லாமல் இருப்பதே மேல். கான்கிரீட்டுக்கு முன் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் 4 அங்குல பிவிசி குழாயைப் புதைத்துவிடு, தோட்டத்துத் தண்ணீர் லைனும் விளக்கு வயரும் போக. தோட்ட விளக்குக்குத் தனி எம்சிபியும் (லோடு கூடினால் விழும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிற இடம், இதில் சிக்கனம் பார்க்காதே.

மழைநீர்க் குழாய்களை வடிகாலில் விடாமல் சேகரிப்புக் குழிக்குத் திருப்பு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் இது கட்டாயம். 1000 சதுர அடி மொட்டைமாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே சுமார் 900 லிட்டர் வரும். குழி பேஸ்மட்டத்திலிருந்து 10 அடியாவது தள்ளியிருக்கட்டும்.

இனி உள்ளே. பூசிய சுவருக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டிய பிறகு காயவும் நாள் கொடுக்க வேண்டும். பூச்சு முடிந்து 28 நாளாகாமல் பட்டி வேண்டாம். சந்தேகமிருந்தால் ஒன்றரை அடிச் சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் விட்டு மறுநாள் பார். உள்பக்கம் நீர்த்துளி நின்றால் இன்னும் காயவில்லை.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்து, அதையே கலவைக்கும் சுவருக்குத் தண்ணீர் காட்டவும் பயன்படுத்தியிருந்தால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்வார்கள், விடாதே. உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கூட்டி அள்ளி வெளியே கொட்டு. ஒரு வாரம் விட்டுப் பார்த்துப் பூத்தால் மறுபடி தேய். பூப்பது நின்ற பிறகு பட்டி. பட்டி கலக்கவும் பெயின்டில் சேர்க்கவும் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரைப் பிடித்து வை.

வெள்ளை சிமென்ட் பட்டிக்கு முன் சுவரை லேசாக நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் காய்ந்த சுவர் பட்டியின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிமென்ட் இறுகாமல் பின்னால் மாவாகக் கொட்டும். மெல்லிய இரண்டு கோட், இரண்டும் சேர்ந்து 1.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பூச்சின் மேடுபள்ளத்தைப் பட்டியால் நிரப்பப் பார்க்கிற பெயின்டரை அங்கேயே நிறுத்து, அது கொத்தனார் சரிசெய்ய வேண்டியது. பட்டிக்கு மேல் பிரைமர், பிறகு எமல்ஷன் ஒரு கோட். கடைசிக் கோட்டை கப்போர்டு மாட்டி முடியும் வரை வைத்திரு.

கப்போர்டின் முதுகு வெளிச்சுவரில் வருகிற இடங்களில் மாட்டுவதற்கு முன்பே பிரைமரும் ஒரு கோட்டும் அடித்திருக்க வேண்டும். சிங்க்குக்குக் கீழே தண்ணீரைத் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட், மற்ற இடங்களுக்குச் சாதாரண உபயோகத்துக்கான ஐஎஸ் 303 போதும். பலகையை வெட்டுவதற்கு முன் முத்திரையை நீயே பார்.

பாத்ரூமில் டைல்ஸுக்கு முன் வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. சுவரில் ஓரடி ஏற்றி, ஷவர் பக்கம் 6 அடி. பிறகு தண்ணீர் போகும் துளையை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்ப்பக்கம் பார். வாட்டம் மீட்டருக்கு 1 செ.மீ.

இதெல்லாம் நடக்கும்போது தோட்ட இடத்தில் செய்ய வேண்டிய வேலை அள்ளுவது மட்டும்தான். கலவை போட்ட இடம், மிக்சர் கழுவிய இடம், பெயின்டர் வாளி அலசிய இடம் எல்லாம் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்பட்டிருக்கும். அதன்மேல் எத்தனை நல்ல மண் போட்டாலும் வேர் அந்த அடுக்கில் முட்டி நின்றுவிடும், இலை மஞ்சளாகும். ஓரடி ஆழத்துக்கு வெட்டி அப்புறப்படுத்து. அடியில் டிப்பர் ஏறி இறுகிய தரையைக் கடப்பாரையால் பிளந்துவிடு. பிறகு ஓரடிக் குழியில் தண்ணீர் நிரப்பிப் பார். மறுநாளும் நின்றால் வேர் அழுகும், இன்னும் ஆழமாகப் பிளக்க வேண்டும்.

மண்ணை வாங்கும் முன் தோட்டத்தில் ஐந்தாறு இடங்களில் அரையடி ஆழத்துக்கு வெட்டி மாதிரி எடுத்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவைச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் பரிசோதனைக்குக் கொடு. டிப்பர்காரர் கொண்டுவருகிற மண்ணையும் அப்படியே. கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் (மக்னசைட்) பூமியிலிருந்து வந்த மண் என்றால் மக்னீசியம் மிகுதியாக இருக்கக்கூடும். அதில் சுண்ணாம்போ டாலமைட்டோ போடக்கூடாது. ஜிப்சம் தேவையா என்பதை அறிக்கை சொல்லும்.

அளவு: 20 அடிக்கு 10 அடி இடத்தில் ஓரடி நிரப்ப 200 கன அடி, அதாவது 2 யூனிட். அமுங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிச் சொல். மேலே 2 அங்குலம் மட்கிய தொழுவுரம் பரப்பிக் கொத்திவிடு. பச்சைச் சாணம் வேண்டாம், கரையானை அழைத்து வரும்.

5 சென்ட் மனையில் தென்னை வேண்டாம் என்பேன். மல்கோவா மாமரத்தில் ஆசை இருந்தால் ஒன்றே ஒன்று, வீட்டிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் 20 அடி தள்ளி. அவ்வளவு இடம் இல்லையென்றால் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் போதும். மாமரத்துக்கு 3 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழியை வைகாசியிலேயே வெட்டி வெயிலில் ஆறப்போடு. மேல்மண்ணோடு 10 கிலோ தொழுவுரமும் 1 கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து மூடி, ஆடி மழைக்கு ஒட்டுக்கன்றை நடு. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.

டிப்பர் உள்ளே வர வழி வேண்டுமே, அதனால் கேட் பக்கத்துக் காம்பவுண்ட் சுவரைக் கடைசியில் கட்டச் சொல். வெளிச்சுவர்ப் பெயின்ட் முடிந்து சாரம் பிரித்த மறுநாள் மண் வரலாம்.

அன்புடன்,
அக்கா