பள்ளிக்கல்வித் துறைக்கு: சொன்ன பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆகிறது?

தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒருத்தி. உடன் படிப்பவர்களே சீண்டி, மிரட்டி, ஒதுக்கிவைக்கும் பிள்ளைகளுக்கு முறையான மனநல ஆலோசகர் வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். 'அதற்குத்தான் 14417 உதவி எண் இருக்கிறதே, பிள்ளைகள் குறையை எழுதிப் போட மாணவர் மனசு பெட்டி இருக்கிறதே' என்பீர்கள். இருக்கின்றன. எங்கள் பள்ளியில் அந்தப் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் இருக்கிறது. யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று பள்ளிக்கூடமே பார்க்கலாம்.

திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி சம்பவம் 2023 ஆகஸ்டில் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவன், உடன் படித்தவர்களின் தொல்லை பொறுக்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். பள்ளியில் விசாரித்தார்கள், அவனும் சொன்னான். விஷயம் அந்த மாணவர்களுக்குப் போய், இரவில் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதி வெறிதான் காரணம், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் 'யாராவது வம்பு பண்ணினால் பெரியவர்களிடம் சொல்லு' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதைத்தான் அவன் செய்தான்.

அதன் பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்வதற்காக அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் கயிறும் நெற்றிப் பொட்டும் பள்ளியில் வேண்டாம் என்று அது சொன்னதைப் பற்றித் தொலைக்காட்சிகளில் சண்டை போட்டு ஓய்ந்தார்கள். வட்டாரத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னதைப் பேச ஆளில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. எங்கள் பள்ளியில் நூறு பேர் ஆறாம் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

ஆலோசகர் இல்லாத இடத்தில் இப்போது நடப்பது இதுதான். புகார் வந்ததும் இரண்டு பேரையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, நேருக்கு நேர் நிறுத்தி, 'என்னடா பண்ணினே?' என்று கேட்கிறார்கள். அடித்தவன் 'சும்மா விளையாட்டுக்கு சார்' என்கிறான். கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மாலை மணி அடித்த பிறகு சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மிச்சக் கணக்கு தீர்க்கப்படுகிறது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. அடிக்கடி வயிற்றுவலி என்று லீவு போடும். ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. பாடம், தேர்வு, எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு என்று ஓடுகிறவர்களிடம் இதையும் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிக்கத்தான் பார்ப்பார்கள். தவிர, பிராக்டிகல் மார்க் போடுகிறவரிடமே மனதைத் திறந்து பேசு என்றால் எந்தப் பிள்ளை பேசும்?

பின்லாந்தில், பள்ளிகளில் இப்படிப்பட்ட சீண்டலைத் தடுக்க கிவா என்றொரு திட்டம் இருக்கிறது. அதில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறார்கள். தொல்லை கொடுத்தவர்களிடமும் தனித்தனியாகப் பேசுகிறார்கள். அதோடு, வகுப்பில் நல்ல மதிப்புள்ள இரண்டு மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்பப் பிடித்தது. பட்டப்பெயர் வைப்பவன் ஒருவன்தான், சிரிக்க முப்பது பேர் இருப்பதால்தான் அது ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது என்று தெரிந்த ஒருவர் வேண்டும்.

'தைரியமா இரு, கண்டுக்காதே' என்று அறிவுரை சொல்ல ஆலோசகர் தேவையில்லை, அதற்குச் சொந்தக்காரர்கள் போதும். பிள்ளை சொல்வதை அவர் நம்ப வேண்டும். புகார் கொடுத்தது யார் என்று வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் அன்றைக்கே வீட்டுக்கும், தேவையானால் காவல்துறைக்கும் தகவல் போக வேண்டும். ஒரு தடவை பேசிவிட்டு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல், இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே பிள்ளையைப் பார்க்க வேண்டும். அடிக்கிற பிள்ளையையும் அவர்தான் பார்க்க வேண்டும். டி.சி. கொடுத்து அனுப்பினால் அவன் அடுத்த பள்ளியில் ஆரம்பிப்பான், அவ்வளவுதான். அதே சமயம் சாதியைச் சொல்லித் திட்டினாலோ தப்பான எண்ணத்தோடு உடலைத் தொட்டாலோ அது சட்டப்படி குற்றம். அங்கே கவுன்சிலிங்கைக் காட்டிச் சமரசம் பேச யாரையும் விடாதீர்கள்.

பள்ளிக்கு ஒருவர் என்று உடனே போட முடியாது என்பது புரிகிறது. முதலில் வட்டாரத்துக்கு ஒருவரைப் போடுங்கள். வாரத்தில் எந்தக் கிழமை எந்தப் பள்ளிக்கு வருவார் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். எங்கள் பள்ளியில் பழைய ஆய்வகத்தை ஒட்டி ஓர் அறை காலியாக இருக்கிறது. வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டுத் தர மேலாண்மைக் குழு தயார். ஆளை மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மாணவி ஒருத்தியின் அம்மா