கிடாவை மாற்றும் முன் கறிக்கடைக்காரரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆட்டில் கூடுதல் வருமானம் வேண்டுமென்றால் உயரமான வெளியூர்க் கிடாக்களை நம் ஊர்ப் பெட்டைகளோடு சேர்க்க வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நங்கவள்ளிப் பக்கம் செம்மறி வளர்த்துப் பிழைக்கிறவன் நான். கலப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. யாருக்கு விற்கப் போகிறோம் என்று தெரியாமல், பெட்டைகளோடு சேர்க்க வைத்திருக்கும் பொலிகிடாவை மாற்றினால் மந்தையே கெட்டுப்போகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். கட்டுரையில் கிடாவின் உயரம் இருந்தது, எடை இருந்தது, விலை இருந்தது. கறி வாங்குகிறவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கறிக்கடை என்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் கடை. விடியற்காலையில் ஓர் உருப்படியை அறுத்துத் தொங்கவிட்டால் பத்து, பதினொரு மணிக்குள் தலை, கால், குடல் உட்பட எல்லாம் தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் வைத்துக்கொள்ள அந்தக் கடையில் குளிர்பெட்டி கிடையாது. எங்கள் வட்டாரத்துச் செம்மறி இனமான மேச்சேரியில் 20 கிலோ உயிர் எடையுள்ள குட்டியை அறுத்தால் ஒன்பது, பத்து கிலோ கறி விழும். அந்த ஊருக்கு அது கணக்கு. முப்பது, முப்பத்தைந்து கிலோ கிடாவைக் கொண்டுபோய் நிறுத்தினால், "நல்ல ஆடுதாங்க, எனக்கு ஓடாது" என்று கடைக்காரர் சொல்லிவிட்டு அடுத்த கயிற்றைப் பிடிக்கப் போய்விடுவார். அவர் ஆட்டைக் குறை சொல்லவில்லை. தன் ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்று தெரிந்து பேசுகிறார்.

மேச்சேரிச் சந்தையில் அவர் ஆட்டைப் பார்க்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். முகத்தையோ உயரத்தையோ அவர் முதலில் பார்ப்பதில்லை. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகில் கையை வைத்து, கட்டை விரலால் ஒரு பக்கமும் மற்ற விரல்களால் மறு பக்கமும் அழுத்துவார். தண்டெலும்பு கூராகக் குத்தினால் கை உடனே எடுபட்டுவிடும். எலும்பு சதைக்குள் அமுங்கி உருண்டையாகத் தட்டுப்பட்டால் அடுத்து வால் அடியைப் பிடிப்பார், பிறகு தொடையை. பல்லைப் பார்ப்பது கடைசியில்தான். நாம் வருஷக்கணக்கில் செய்த கலப்பு சரியா தவறா என்று அந்தக் கை சொல்லிவிடுகிறது.

இப்போது எங்கள் வட்டாரத்தில் அதிகமாக வந்து இறங்குவது ஆந்திராவின் நெல்லூர்க் கிடா. வெள்ளை உடம்பில் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் கறுப்பு இருக்கும் ஜோடிப்பி வகைக்குத்தான் மோகம். இந்தியச் செம்மறிகளில் மிக உயரமானது அதுதான், பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நெடிய எலும்புக் கட்டுள்ள இனம் முதலில் காலையும் எலும்பையும் வளர்த்துக்கொள்ளும், சதை பிடிப்பது அதன் பிறகு. ஆறேழு மாதத்தில் மேச்சேரிக் குட்டியின் முதுகு நிரம்பியிருக்கும்போது, அதே வயதுக் கலப்புக் குட்டி தராசில் கூடுதலாக நிற்கும், கைக்கு எலும்பாகத் தட்டுப்படும். முதுகு நிரம்ப இன்னும் சில மாதம் வளர்க்க வேண்டும். சோளத்தட்டும் கடலைக்கொடியும் கையிருப்பு இருந்தால் வளர்க்கலாம். கோடையில் தட்டை விலைக்கு வாங்கிப் போடுகிறவனுக்கு அந்தச் சில மாதத்திலேயே லாபம் கரைந்துவிடும்.

இதை வைத்து நெல்லூர்க் கலப்பு வேண்டாம் என்று நான் முடிவுகட்டவில்லை. பக்ரீத்துக்கு வாங்குகிறவர் உயரமும் பொலிவும் பார்க்கிறார், ஊனமில்லாத, வயது நிறைந்த கிடா கேட்கிறார், அதற்கேற்ற விலையும் கொடுக்கிறார். அந்தச் சந்தையை மனதில் வைத்து, நாள் கணக்குப் பார்த்துக் குட்டி போடவைத்து, பண்டிகை வரை தீவனம் போட வசதி உள்ளவர் தாராளமாகச் செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கடைக்கே விற்க வேண்டியவர், கலப்பு வேண்டுமென்றால், கர்நாடகத்து மண்டியா ஆட்டைப் பார்க்கலாம். பன்னூர் ஆடு என்று நாம் சொல்வது அதைத்தான். கட்டையான ஆடு. பின்னால் நின்று பார்த்தால் இரண்டு தொடைக்கும் நடுவே கவிழ்த்த லாடம் போன்ற வளைவு தெரியும். அதன் கறி இருப்பது அங்கேதான்.

கட்டுரையில் எனக்குப் பெரிய வருத்தம் தந்த இடம் வேறு. கலப்பில் பிறந்த கிடாக்குட்டிகளில் நல்லதைத் தேர்ந்து அடுத்த பொலிகிடாவாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். செய்யவே கூடாதது இதுதான். இரண்டு இனம் சேரும் முதல் தலைமுறையில் கலப்பு வீரியம் முழுதாகக் கிடைக்கும். குட்டி வேகமாக வளரும், நோய் தாங்கும். அந்தக் கலப்புகளையே தங்களுக்குள் சேர்த்தால் வீரியத்தில் பாதி போய்விடும், குட்டிகளும் ஒன்றுபோல் வராது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு. வியாபாரிக்கு ஒரே மாதிரி இருபது உருப்படி வேண்டும், நம் பட்டியில் இருபது விதம் நிற்கும். முதல் கலப்பு அறுப்புக்கு மட்டும். பொலிக்கு நிறுத்தக் கூடாது.

முதல் கலப்பை ஒவ்வொரு வருஷமும் எடுக்க வேண்டுமென்றால் தூய மேச்சேரிப் பெட்டை ஒவ்வொரு வருஷமும் வேண்டுமே? கொம்பில்லாத, வெளிர் பழுப்பு நிறத்து, குட்டை முடி ஆடு அது. மானாவாரிக் காட்டில் மேய்ந்து, வேலங்காயைப் பொறுக்கித் தின்று, வெயிலில் நின்று குட்டியை வளர்க்கும் தாய். அதன் தோலுக்கென்று தோல் பதனிடுகிறவர்களிடம் தனிப் பெயர் உண்டு, இன்று தோல் விலை விழுந்து கிடந்தாலும். அந்தப் பெட்டைகளையும் கலப்பாக்கிவிட்டால் பிறகு கலப்பதற்கு எதுவும் இருக்காது. காவிரிக் கரைக் காட்டில் மேய்ந்த ஆலம்பாடி மாடு எப்படி அருகிப்போனது என்பதை மேட்டூர்ப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உழவுக்கு டிராக்டர், பாலுக்கு ஜெர்சிக் கலப்பு என்று ஆனபின், அதைத் தேடிப் பிடித்துக் காப்பாற்ற அரசே தனியாக மையம் வைக்க வேண்டி வந்தது.

ஒழுங்காகச் செய்த கலப்புக்கும் உதாரணம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பல்தன் ஊரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், சுந்தரவனத்துக் கரோல் ஆட்டிடமிருந்து இரட்டைக் குட்டிக்கான மரபணுவை மட்டும் எடுத்து, தக்காணி ஆட்டில் சேர்த்தது. திரும்பத் திரும்பத் தக்காணியோடே சேர்த்து, உடல்வாகு அந்த ஊர் ஆடாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். மேச்சேரி ஆடு பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு செய்த அப்படி ஒரு வேலையை இங்கே யாராவது யோசித்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன், இரண்டாவது குட்டிக்கும் சேர்த்துத் தாய்க்குத் தீவனம் கொடுக்க வழி சொன்னால்.

வெள்ளாட்டுக்கும் இதே கதைதான். சேலம் கருப்பு ஆட்டோடு தென்னாப்பிரிக்க போயர் கிடாவைச் சேர்த்தால் சதை கூடும். ஆனால் முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டவர் மறுவில்லாத கருப்புக் கிடா கேட்டு வருகிறார். போயர் கலப்பில் பிறந்த குட்டி முழுக் கருப்பாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அவர் கொடுக்கும் விலை கறி எடைக்கு அல்ல.

பொட்டனேரியில் 1978 முதல் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தலைவாசலில் 2021-ல் பெரிய கால்நடை வளாகமே திறந்தார்கள். இத்தனை அருகில் வைத்துக்கொண்டு நாங்கள் லாரியில் வந்து இறங்கும் கிடாவை, பெற்றோர் யாரென்றே தெரியாமல், விலை பேசிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு ஊராட்சிக்கும் தேர்ந்த தூய மேச்சேரிக் கிடாக்கள் கிடைக்க வேண்டும். 25, 30 பெட்டைக்கு ஒன்று போதும். தன் மகளையே அது சேராதபடி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். சந்தைகளில் உயிர் எடை போடும் மேடை வைத்தால், துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலையில் குட்டி வளர்த்தவன் ஏமாறுவது குறையும்.

தங்கள் இதழுக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த முறை ஆட்டுக் கலப்பைப் பற்றி எழுதும்போது கிடா விற்கிறவரிடம் மட்டும் பேட்டி எடுக்காதீர்கள். கொங்கணாபுரம் சனிச்சந்தையில் இரண்டு கறிக்கடைக்காரர்களையும் பண்டிகைக்குக் கிடா வாங்க வந்த ஒருவரையும் கேட்டு, அவர்கள் எந்த ஆட்டுக்கு என்ன விலை கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செம்மறி வளர்ப்பாளர்,
நங்கவள்ளி, சேலம் மாவட்டம்.