ஸ்டார் பயாஸ்கோப்பின் கதையைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

கேப் டவுன் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

ஆயாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு நம் ஊரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வட்டாரத்தில் இருந்த ஸ்டார் பயாஸ்கோப் என்ற சினிமா கொட்டகையின் கதையை எழுதிக் கொடுக்க ஆசைப்பட்டேன். என்னிடம் இருந்தது ஆயாவின் பேச்சு மட்டும்தான். மற்றதெல்லாம் நீங்கள் கொடுத்தது.

அந்தக் காலத்தில் அங்கே ஸ்டார், அவலான், நேஷனல், பிரிட்டிஷ் என்று பல பயாஸ்கோப்கள். ஹானோவர் தெருவில் இருந்த ஸ்டார்தான் ஆயாவுக்கு உயிர். சனிக்கிழமை என்றால் வாசலில் பிள்ளைகள் காமிக்ஸ் புத்தகம் மாற்றிக்கொண்டு நிற்பார்களாம். 1966 பிப்ரவரி 11 அன்று அந்த வட்டாரம் வெள்ளையருக்கு மட்டும் என்று நிறவெறி அரசு அறிவித்தது. அறுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். சர்ச்சுகளையும் மசூதிகளையும் விட்டுவிட்டு மற்றதை புல்டோசர் வழித்துப் போட்டது. ஸ்டாரும் போனது. எங்கள் குடும்பம் இந்தியருக்கென ஒதுக்கிய ரைலண்ட்ஸ் பகுதிக்கு வந்து சேர்ந்தது. ஹானோவர் தெருவின் பெயரைக்கூட கைசர்ஸ்கிராக்ட் என்று மாற்றியிருந்தார்கள். 2019இல்தான் ஹானோவர் என்ற பெயர் திரும்பியது. அந்தச் செய்தியைக் கேட்டு ஆயா அழுததை நான் மறக்க மாட்டேன்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

கோயில் மடப்பள்ளியில் காய் நறுக்கிக்கொண்டே பாட்டிமாரிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, தமிழிலேயே எழுதித் தந்த அக்காவுக்கு நன்றி. எங்கள் வயதில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் கையெழுத்துப் பக்கங்களை அப்படியே சேர்த்திருக்கிறேன். பியூட்டன்காண்ட் தெருவில் உள்ள டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்கு என்னோடு மூன்று முறை வந்து, தரையில் விரித்திருக்கும் பெரிய வரைபடத்தில் மண்டியிட்டுத் தேடிய தம்பிக்கும் நன்றி. பழைய குடியிருப்பாளர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதிய வரைபடம் அது. நம்மவர் பெயர்களைப் பார்த்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அப்புறம் ஆத்லோன் பகுதி அண்ணன். சிறுவயதில் ஸ்டாரில் டார்ச் பிடித்து ஆட்களை இருக்கைக்குக் கூட்டிப்போன வேலையை மணிக்கணக்கில் சொன்னீர்கள். கணக்கு நோட்டின் தாளைக் கிழித்து, வாசல், படி, டிக்கெட் ஜன்னல், பால்கனி என்று நீங்கள் வரைந்த படம்தான் இந்தத் தொகுப்பின் முதல் பக்கம். இடித்த கட்டடத்துக்குள் என்னை நடக்க வைத்தது அதுதான் அண்ணே.

பிறந்தநாளன்று ஆயா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். டிக்கெட் ஜன்னல் இடது பக்கம் இருந்ததாம், நீங்கள் வலது பக்கம் போட்டுவிட்டீர்களாம். பென்சிலோடு ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள் அண்ணே. ஆயா காத்திருக்கிறார்.