குப்பைக்குப் போன சீம்பால்: ஒரு மருத்துவமனை நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை இயக்குநர் அவர்களுக்கும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த மாதம், குறைமாதப் பிள்ளைக்காக என் தங்கை கறந்து கொண்டுவந்த பாலை மணி ஐந்தைத் தாண்டிவிட்டது என்று உங்கள் பிரிவின் வாசலில் வாங்க மறுத்தது உங்களுக்குத் தெரியும். புகார்ப் படிவம் எழுதிக் கொடுத்தோம். "கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரியில் பதிலும் அனுப்பினீர்கள். ஆனால் மாலை ஐந்து மணிக்குமேல் தாய்ப்பால் வாங்குவதில்லை என்ற விதி இன்றும் மாறவில்லை என்று, அங்கே இப்போது பிள்ளையை வைத்திருக்கும் இன்னொரு தாய் சொன்னார். அதனால்தான் இந்த மடல்.

என் முதன்மையான கோரிக்கை இது. உங்கள் பிரிவில் இருக்கும் குழந்தைக்காக அதன் தாய் கறந்த பால் எந்த நேரத்தில் வந்தாலும், எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். அந்தக் குழந்தைக்கே கொடுங்கள்.

என் தங்கைக்குப் பிள்ளை முப்பத்தோராவது வாரத்தில் பிறந்தது. எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. அறுவை செய்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பால் கறக்க உங்கள் கட்டடத்தில் ஓர் அறை இல்லாததால், மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்தாள். நான் துப்பட்டாவை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றேன். படி ஏறி இறங்குகிறவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். முதல் சில நாள் பால் எப்படிச் சுரக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விரலால் அழுத்தி அழுத்தி, சொட்டுச் சொட்டாக, ஊசியில்லாத சிறிய சிரிஞ்சுக்குள் அவள் சேர்த்தாள். மஞ்சள் நிறம், தேன் போன்ற கெட்டி. இரண்டு மில்லிலிட்டர் சேர்வதற்குள் அவள் உள்ளாடை வியர்வையில் நனைந்துவிட்டது. சிரிஞ்சில் பெயரும் நேரமும் எழுதிய ஒட்டுத்தாளை அவளே ஒட்டினாள். கை நடுங்கியதில் எழுத்துகள் கோணலாக விழுந்திருந்தன.

நாங்கள் கதவருகே போனபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. "முகப்பு மூடிவிட்டது. நாளைக் காலை புதிதாகக் கறந்து கொண்டு வாருங்கள்" என்றார்கள். வார்டில் தனக்குக் குளிர்பெட்டி இல்லை, காலைவரை இதை எங்கே வைப்பது என்று கேட்டாள். "இரண்டு சொட்டில் என்ன இருக்கிறது? பிள்ளைக்குச் சத்துதானே வேண்டும்? பால்மாவு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்." அந்தப் பால்மாவைக் கொடுக்கலாமா என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அன்றிரவு அந்தச் சிரிஞ்சு வார்டின் மஞ்சள் கழிவுப் பைக்குள் போயிற்று. பணியிலிருந்த தாதியை நான் குறை சொல்லவில்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். குறை விதியில் இருக்கிறது. விதியை எழுதியவர்கள் நீங்கள்.

இரண்டு சொட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். நான் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பான ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறவள்.

அதில் இருக்கும் பல பொருள்களில் ஒன்று லெப்டின். நம் உடலின் கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன். 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தபோது, பசியை அடக்கும் ஹார்மோன் என்றே உலகம் அதைப் பேசியது. நோய் எதிர்ப்பிலும் அதற்குப் பங்கு இருப்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. பட்டினி கிடந்த எலிகளின் டி அணுக்கள், அதாவது கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள், சோர்ந்துபோவதையும், லெப்டின் கொடுத்ததும் அவை மீள்வதையும் 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். டி அணுக்களின் மேற்பரப்பிலேயே லெப்டினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. கிருமியோடு போராடுவதற்கு உடல் நிறையச் செலவழிக்க வேண்டும். வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு விருந்துக்கு ஆள் அழைப்பதைப் போல, லெப்டின் அளவைப் பார்த்துத்தான் உடல் அந்தச் செலவில் இறங்குகிறது.

லெப்டின் இல்லாத எலிகளில் டி அணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பி சுருங்கிக் கிடக்கிறது. மனிதர்களிலும் சான்று உண்டு. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகளைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1997இல் அடையாளம் கண்டார்கள். அடங்காப் பசியோடு அடிக்கடி தொற்றும் அவர்களை வாட்டியது. லெப்டின் ஊசி போட்ட பிறகு அவர்களுடைய டி அணுக்களின் எண்ணிக்கையும் செயலும் தேறியதை 2002இல் வெளியிட்டார்கள்.

இப்போது உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். கருவில் கொழுப்பு படிவது பெரும்பாலும் கடைசி வாரங்களில்தான். அந்த வாரங்களுக்கு முன்பே வந்துவிட்ட பிள்ளையின் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் கொஞ்சம். சுரக்கப் போதிய திசு இல்லாததால் லெப்டினும் மிகக் குறைவு. லெப்டின் தந்துகொண்டிருந்த நஞ்சுக்கொடியோடும் உறவு அறுந்துவிட்டது. மிச்சமிருப்பது தாயின் பால். சீம்பாலிலும் அதன்பின் சுரக்கும் பாலிலும் லெப்டின் இருக்கிறது. கொழுப்புத் திசுவின் இன்னொரு ஹார்மோனாகிய அடிப்போனெக்டினும் இருக்கிறது. பாலில் வரும் லெப்டின் குட்டியின் இரத்தத்தில் சேர்வது எலிகளில் காட்டப்பட்டிருக்கிறது. மனிதக் குழந்தையில் அது எவ்வளவு சேர்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. அதை நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் பசும்பாலிலிருந்து செய்த மாவில் மனித லெப்டின் கிடையாது. சீம்பாலில் செறிந்திருக்கும் எதிர்ப்புப் புரதங்களும், உயிரோடிருக்கும் வெள்ளணுக்களும் கிடையாது. குறைமாதப் பிள்ளைகளைக் கொல்லும் குடல் அழுகல் நோய் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவாகவே வருகிறது என்பது உங்கள் மருத்துவர்கள் எனக்குப் பாடம் எடுக்கக்கூடிய அளவுக்கு நிலைபெற்ற உண்மை. அப்படியிருக்க, சத்து கிடைத்தால் போதும் என்று உங்கள் முகப்பில் எப்படிச் சொல்ல முடிகிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவக் காரணம் இல்லாமல் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் தர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பாலூட்டலுக்காக 1989இல் வகுத்த பத்துப் படிகளில் ஒன்று. பால்மாவு விற்பனைக்கான உலக நெறிமுறை 1981இல் வந்தது. நம் மலேசியாவில் அதற்கு முன்பே, 1979இல், நமக்கென ஒரு நெறிமுறை வந்துவிட்டது. உங்கள் மின்தூக்கியின் பக்கத்திலேயே தாய்ப்பாலைப் போற்றும் பெரிய சுவரொட்டி இருக்கிறது. அதைக் கடந்துதான் என் தங்கை மாடிப்படிக்குப் போனாள். 2023 ஜனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாள். குறைமாதப் பிள்ளை பெற்றவள் அந்த விடுப்பின் பெரும்பகுதியை மருத்துவமனை வராந்தாவில் கழிக்கிறாள். தங்கை கணவருக்கு ஏழு நாள் விடுப்பு. அது முடிந்ததும் ஷா ஆலம் தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டார். தங்கை வீடு திரும்பிய பிறகு, அவர் வேலை முடிந்து செந்தூலுக்கு வந்து பாலை எடுத்துக்கொண்டு உங்களிடம் வர இரவு எட்டு மணி ஆனது. ஐந்து மணி விதி யாருடைய வசதிக்காக எழுதப்பட்டது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. பிரசவத்துக்கும் பிள்ளையின் பராமரிப்புக்கும் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கட்டியிருக்கிறோம். பகலிரவாகத் தாதியர் இருக்கும் பிரிவில், ஒரு சிரிஞ்சை வாங்கிக் குளிர்பெட்டியில் வைக்க ஓர் ஆள் இல்லையா?

கோபத்தில் நீண்டுவிட்டது. பணிவோடு மறுபடி கேட்டுக்கொள்கிறேன். தாய் கறந்த பாலை எந்த நேரமும் வாங்குங்கள். பெயர், நாள், நேரம் குறித்துப் பாதுகாக்க அந்தப் பிரிவிலேயே தனிக் குளிர்பெட்டி வையுங்கள். தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறிய அறையைத் தாய்மாருக்கு ஒதுக்குங்கள். பால்மாவு கொடுக்கும் முன் பெற்றோரிடம் காரணம் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். இவற்றில் முதலாவதற்குப் புதிய செலவே இல்லை. உங்கள் கையொப்பமிட்ட ஒரு சுற்றறிக்கை போதும். அது எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளையின் பெரியம்மா,
செந்தூல், கோலாலம்பூர்