90 கி.மீ. வேகம்: காற்றுக்கா, புயலுக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறேன். காலையில் எங்கள் கடை வாசலில்தான் பேப்பர் சத்தமாகப் படிக்கப்படும், புயல் நாட்களில் கூட்டம் இன்னும் அதிகம். அந்தச் செய்திகளில் 'வேகம்' என்ற சொல்லை நீங்கள் எழுதும் விதம் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு புயல் எச்சரிக்கை. 'மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கரையைக் கடக்கிறது புயல்' என்று தலைப்பு. கீழே, புயல் 270 கி.மீ. தொலைவில் இருப்பதாக ஒரு வரி. ஃபைபர் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "மூணு மணி நேரம்தான். பத்து மணிக்கெல்லாம் வந்துடும்." என்ஜினைக் கழற்றவில்லை, வலையை எடுக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடினார். புயல் வந்தது மறுநாள் விடியற்காலையில். படகு உடைந்து, என்ஜினும் போய்விட்டது. அவர் வகுத்தது சரிதான். வகுக்கக் கொடுத்த எண்தான் தவறு.

அந்த 90, புயலைச் சுற்றிச் சுழலும் காற்றின் வேகம். புயல் நகர்ந்து வரும் வேகம் வேறு. அது பெரும்பாலும் மணிக்குப் பத்து, பதினைந்து கி.மீ. அளவில்தான் இருக்கும், சைக்கிளில் போகிற மாதிரி. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் இரண்டும் தனித்தனியாகவே வருகின்றன. கடந்த ஆறு மணி நேரத்தில் எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் நகர்ந்தது என்பது ஒரு இடத்தில் இருக்கும். தரைக்காற்று எவ்வளவு, இடையிடையே எவ்வளவு வரை வீசும் என்பது இன்னொரு இடத்தில். தலைப்புக்கு இடம் போதாமல் இரண்டையும் ஒன்றாக்கும்போதுதான் வினை.

இதைவிட எனக்குக் கவலை 'வேகம் குறைந்தது' என்ற செய்திதான். படிப்பவர் "அப்பாடா" என்று வீட்டுக்குப் போய்விடுவார். குறைந்தது காற்று என்றால் சரி, நிம்மதிதான். நகரும் வேகம் குறைந்தால் மழை ஒரே இடத்தில் கொட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையில் கரையேறவே இல்லை, ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கடந்தது. ஆனால் சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக ஊர்ந்ததில் நகரமே தண்ணீரில் நின்றது. அடுத்த ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 70 முதல் 80 கி.மீ., அவ்வளவுதான். ஆனால் கடந்த பிறகு பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அப்புறம் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எங்கள் மாவட்டத்தை என்ன செய்தது என்று உங்கள் நிருபர்களே எழுதினார்கள்.

'வலுவிழந்தது' என்பதும் இதோடு கலந்துவிடுகிறது. காற்று மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல், அதற்குக் கீழே இறங்கினால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். பெயர் மாறுவது காற்றை வைத்துத்தான். மழை எவ்வளவு கொட்டும் என்பது அந்தப் பெயரில் இல்லை.

மற்ற பக்கங்களில் இந்தச் சொல்லால் பெரிய குழப்பம் இல்லை. 'வேகத்தில் சுருண்டது ஆஸ்திரேலியா' என்றால் வேகப்பந்து வீச்சாளர்கள் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். 'மேம்பாலப் பணிகள் வேகம்' என்று எழுதும்போது எத்தனை தூண் முடிந்தது என்றும் சேர்த்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டாலும் யாரும் அதை நம்பி வீட்டைக் காலி செய்யப் போவதில்லை. புயல் செய்தியை நம்பித்தான் காலி செய்கிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். புயல் நாட்களில் முதல் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போடுங்கள். புயல் எங்கே இருக்கிறது, நகரும் வேகம் எவ்வளவு, காற்றின் வேகம் எவ்வளவு என்று மூன்றே வரி போதும். அது எத்தனை மணி நிலவரம் என்பதையும் மறக்காமல் போட வேண்டும், ஏனென்றால் இரவு அச்சாகும் பேப்பர் எங்கள் கைக்கு வருவது காலையில். எழுத்து பெரிதாக இருக்கட்டும். இங்கே பாதிப் பேர் கண்ணாடி இல்லாமல்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கடலூர் முதுநகர்.