ஜோடி பாஸ் வாங்கியும் என் கணவரை வெளியே நிறுத்தியதற்கு முழுப் பணமும் வேண்டும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் பத்தாவது மெயில். முந்தைய ஒன்பதுக்கும் இரண்டு வரிப் பதில்தான் வந்தது. இதையாவது ஒரு மனுஷர் படிப்பார் என்று நம்பி கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

பிப்ரவரியில் பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் நீங்கள் நடத்திய இரண்டு நாள் மெட்டல் ராக் இசை விழாவுக்கு நானும் என் கணவரும் ஜோடி பாஸ் வாங்கினோம். பாஸ் 11,998 ரூபாய், கூடாரம் 3,500 ரூபாய், அதற்கு மேல் நீங்கள் பிடித்துக்கொண்ட கட்டணம் தனி. புக்கிங் எண்ணை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. போனில் அதை ஒப்பித்து ஒப்பித்து என் ஆறு வயது மகளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு முதல் கேட். இரண்டு க்யூஆர் கோடும் என் போனில்தான் இருந்தன. உங்கள் ஆள் இரண்டையும் ஸ்கேன் செய்தார், பீப் பீப் என்று இரண்டு சத்தமும் கேட்டது. ஆனால் அவர் முன்னால் இருந்த அட்டைப்பெட்டியில் ஒரே ஒரு ரிஸ்ட்பேண்ட்தான் (உள்ளே விடுவதற்கு அடையாளமாகக் கையில் கட்டும் பட்டை) மிச்சம். அதை என் கையில் கட்டிவிட்டு, "சார், நீங்க அந்த மஞ்சள் கவுண்டர்ல வாங்கிக்குங்க" என்றார். பின்னால் கூட்டம் நெருக்கியதால் என்னை உள்பக்கம் தள்ளிவிட்டார்கள், என் கணவர் மஞ்சள் கவுண்டருக்குப் போனார். அங்கே இருந்தவர் சிஸ்டத்தில் பார்த்துவிட்டு, "இது ஆல்ரெடி என்ட்ரி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஸ்கேன் ஆகிவிட்டால் ஆள் உள்ளே போய்விட்டதாக உங்கள் சிஸ்டம் கணக்கு வைக்கிறது, ரிஸ்ட்பேண்ட் கையில் ஏறியதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் சிஸ்டம், உங்களுக்குத் தெரியாதா இது? ரிஸ்ட்பேண்டை யாருக்கோ விற்றுவிட்டாரோ என்று என் கணவரின் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். அந்த கேட்டுக்கு மேலே கேமரா இருந்தது, நானே பார்த்தேன். அந்தப் பதிவைப் பாருங்கள் என்று ஒன்பது மெயிலிலும் கேட்டிருக்கிறேன்.

இப்போது செவ்வாய்க்கிழமை போனில் பேசிய உங்கள் ஊழியருக்கு வருகிறேன். என்னால் அதை மறக்க முடியவில்லை. இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்து லைன் கிடைத்தது. நான் அழாமல், கத்தாமல், முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "ஒருத்தர் உள்ளே போனீங்கல்ல மேடம், என்ஜாய் பண்ணீங்கல்ல? அப்புறம் எதுக்கு ஃபுல் ரீஃபண்ட்?" என்றார்.

நான் அனுபவித்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். 2 மணியிலிருந்து ராத்திரி 8:30 வரை உள்பக்க ஹெல்ப் டெஸ்க்குக்கும் கேட்டுக்கும் நடந்தேன். சிக்னல் இல்லை, என் கணவர் போன் பத்துக்கு ஒரு தடவை கிடைத்தது. வெளியே வருகிறேன் என்றால் "வெளியே போனா இன்னிக்கு மறுபடி உள்ளே விட மாட்டோம்" என்கிறார் காவலாளி. 8:30 மணிக்கு நாங்கள் எந்தக் குழுவுக்காக வந்தோமோ அவர்கள் மேடை ஏறினார்கள். அவர் எப்படியோ லைன் கிடைத்து, "நீயாவது பாரு, எனக்கு இங்கே கேக்குது" என்றார். மூன்று பாட்டு நின்றேன். சுத்தி எல்லோரும் தலையை ஆட்டிக் குதிக்கிறார்கள், நான் கேட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நாலாவது பாட்டு ஆரம்பிக்கும்போது வெளியே வந்துவிட்டேன்.

அவர் மைதானத்தின் பின்பக்கம், தகரம் அடித்த வேலிக்கு வெளியே, பைக்கை நிறுத்திவிட்டு உள்ளங்கையைத் தகரத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னங்க பண்றீங்க என்றேன். "கையை வை, டபுள் பேஸ் வருது" என்றார், இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்கும் பெரிய டிரம்மைச் சொல்கிறார். நானும் வைத்தேன். தகரம் அதிர்ந்தது. கிட்டாரும் குரலும் அவ்வளவு தூரம் தெளிவாக வந்து சேராது, தாழ்ந்த ஒலிதான் எதையும் தாண்டி வரும். அந்த அதிர்வு மட்டும்தான் அவருக்குக் கிடைத்தது. 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழு வந்தபோது, பத்தொன்பது வயதில் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்ப பஸ் இல்லாமல் லாரியில் வந்தவர் அவர். 2011 அக்டோபரில் அதே மைதானத்துக்கு மெட்டாலிகா குழு வந்தபோது லீவு கிடைக்காமல் விட்டார். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் உட்கார்ந்தபடியே பாடி விடைபெற்று, அதே மாதம் 22ஆம் தேதி இறந்தும் போனார். அந்த ராத்திரிதான் "இனிமே தள்ளிப்போட வேண்டாம், ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணாவது பாக்கலாம்" என்று இவர் சொன்னார். குழந்தை பிறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன முதல் இடம் உங்கள் மைதானம்தான்.

ஜோடி பாஸ் என்று நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள். ஜோடியில் ஒருவரை உள்ளேயும் ஒருவரை வெளியேயும் வைத்தால் பாதி சேவை கொடுத்ததாக அர்த்தம் இல்லை, ஒன்றுமே கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். செருப்புக் கடையில் ஒற்றைச் செருப்பைக் கொடுத்துவிட்டுப் பாதி விலை கேட்பார்களா?

ஆனால் உங்கள் கணக்குப் பிரிவு என்ன எழுதியது? இரண்டு பேர், இரண்டு நாள், மொத்தம் நாலு பங்கு, அதில் மூன்று பயன்படுத்தப்பட்டுவிட்டதாம். மீதி ஒரு பங்குக்கு 2,999 ரூபாய் ஐம்பது காசு. அதுவும் பணமாக இல்லை, அடுத்த வருஷ விழாவுக்குக் கூப்பனாக! அடுத்த வருஷமும் ஒருவர் வெளியே நிற்கவா?

ஞாயிற்றுக்கிழமை பற்றியும் சொல்லிவிடுகிறேன், நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா. சனி ராத்திரி உங்கள் ஆள் "நாளைக்கு 11 மணிக்கு வாங்க, முடிச்சுத் தரோம்" என்றார். 11 மணிக்குப் போனால் கவுண்டரில் ஆளே இல்லை. வெயிலில் நின்று நின்று, 5:10 மணிக்குத் தன்னார்வலராக வந்த ஒரு சின்னப் பெண் தன் பையிலிருந்து ஒரு ரிஸ்ட்பேண்டை எடுத்து அவர் கையில் கட்டிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் நன்றி. அதன் பிறகு சவுண்ட் நன்றாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நாங்கள் பார்க்க வந்தவர்கள் முந்தின நாளே முடித்துவிட்டுப் போய்விட்டார்களே. திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நீங்களும் சரியாக 10 மணிக்கு நிறுத்தினீர்கள். அப்படியென்றால் "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க சார்" என்று சொன்ன ஒவ்வொரு நிமிடமும் போனது போனதுதான் என்று உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூடாரமும் கிடைக்கவில்லை. இரண்டு ரிஸ்ட்பேண்ட் காட்டினால்தான் கூடாரம் என்றார்கள். ராத்திரி அத்திப்பள்ளியில் லாட்ஜ் தேடி 2,200 ரூபாய் கொடுத்தோம். அப்புறம் காது அடைப்பான். அதை விட்டுவிட்டேனே. மேடை பக்கத்தில் காது கெட்டுப்போகக் கூடாது என்று 1,800 ரூபாய்க்கு வாங்கிய ஜோடி அது. "சின்ன டப்பா எல்லாம் அலவ்டு இல்ல" என்று சோதனையில் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்கள். காதைப் பாதுகாக்கும் பொருளை ஒரு மெட்டல் விழாவின் வாசலிலேயே குப்பையில் போடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனதிலிருந்து பஞ்சு வைத்துக்கொண்டு நின்றேன், இரண்டு நாள் காதில் ரீங்காரம் போகவில்லை.

இதற்கெல்லாம் மேலே அந்த பெங்களூரு பயணம். ஏழாவது மெயிலுக்கு உங்களிடமிருந்து, அசல் அடையாள அட்டையோடு நேரில் வந்து சரிபார்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. நான் மாங்கூழ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், லீவு சம்பளத்தில் பிடிப்பார்கள். இருந்தாலும் போனேன். காலை 6 மணிக்கு கிருஷ்ணகிரியில் பஸ், சூளகிரி, ஓசூர் தாண்டி பொம்மசந்திராவில் இறங்கி மஞ்சள் வழி மெட்ரோ, அப்புறம் ஆட்டோ. மூன்றாவது மாடி. கதவில் பூட்டு. உங்கள் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. காலி செய்து இரண்டு மாசம் ஆச்சு என்று வாட்ச்மேன் கன்னடத்தில் சொல்லிவிட்டு, பாவம், அவரே ஒரு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் கம்பெனி வேலையை அவர் செய்தார். இரண்டு மாதத்துக்கு முன் காலி செய்த விலாசத்தை எனக்கு மெயிலில் அனுப்பியது யார்? அங்கிருந்தே போன் செய்தேன், மறுபடி அதே ஊழியர். குரல் எனக்குத் தெரியும். "வெப்சைட்ல மாத்திட்டோமே, பாக்கலையா மேடம்" என்று வைத்துவிட்டார்.

மழை, சேறு, எதிர்பாராதது என்று எதையாவது காரணம் சொல்லப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியில் வாக்கன் என்ற கிராமத்தில் 1990 முதல் நடக்கும் மெட்டல் விழாவை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2023இல் மழையில் மைதானம் சேறாகி, டிக்கெட் வாங்கிய எல்லோரும் வருவதற்கு முன்பே வாசலை மூடினார்கள். உள்ளே வர முடியாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். உங்கள் மைதானத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. அட்டைப்பெட்டியில் ஒரு ரிஸ்ட்பேண்ட் குறைந்தது, அவ்வளவுதான்.

நான் சண்டைக்காரி இல்லை. அமைதியாகவே கேட்கிறேன். பாஸ், கூடாரம், கட்டணம், லாட்ஜ், காது அடைப்பான், அவருடைய இரண்டு நாள் ஷிப்ட் சம்பளம், என் ஒரு நாள் சம்பளம், பெங்களூரு போய்வந்த செலவு எல்லாம் கூட்டி, மன உளைச்சலையும் சேர்த்தால் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாது. கூப்பன் வேண்டாம். அந்த ஊழியர் என் கணவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும், அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

பதினைந்து நாள் தருகிறேன். அதற்குள் தீரவில்லை என்றால் முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குப் போட உங்கள் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இந்தத் தடவை கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி வரப்போவது நீங்கள்தான். ஆனால் அதுவரை இழுக்காமல் நீங்களே முடித்துக் கொடுத்தால் எனக்கு சந்தோஷம்தான், உண்மையாகச் சொல்கிறேன்.

கேமராப் பதிவை அழித்துவிடாதீர்கள். சனிக்கிழமை மதியம் 2:14, முதல் கேட், நான் பச்சைத் துப்பட்டா, அவர் கறுப்பு டீ-ஷர்ட். அங்கே எல்லோரும் கறுப்பு டீ-ஷர்ட்தான் என்பது தெரியும், பக்கத்தில் பச்சைத் துப்பட்டாவைப் பாருங்கள்.

பதில் மெயிலில் மட்டும் அனுப்புங்கள். போன் வேண்டாம்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து உங்கள் ஜோடி பாஸ் வாடிக்கையாளர்