லிவர்பூல் அடித்தகடு மாட்டிய கல்கத்தா வேன்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிக் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: டிங்கி 295ஆம் எண் பொம்மை வேன் என்று சொல்லி வேறு பொருளை விற்றது தொடர்பாக.

ஐயா,

சென்ற மாதம் உங்களிடம் 14,500 ரூபாய் செலுத்தி டிங்கி அட்லஸ் கெனிபிரேக் பஸ் ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் வெளிர்நீல வேன். ‘இங்கிலாந்துத் தயாரிப்பு, 1960, முதல் வார்ப்பு, பின்கண்ணாடிக்குக் கீழே மேட்டுக்கோடு உள்ள அரிய வகை’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தீர்கள். வந்து சேர்ந்தது கல்கத்தாவில் வார்த்த நிக்கி வேனின் உடல். அதன் அடியில் டிங்கியின் தகட்டை மாட்டி, மேலே புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். செய்தது நீங்களா, உங்களுக்கு விற்றவரா என்பது எனக்குத் தேவையில்லை. ரசீது உங்கள் பெயரில் இருக்கிறது.

நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்று உங்கள் ஊழியர் கேட்டார். என் தாயார் ஒரு எஸ்டேட் துரை பங்களாவில் ஆயாவாக வேலை பார்த்தார். துரை குடும்பம் ஊருக்குக் கப்பலேறியபோது அந்த வீட்டுப் பிள்ளையின் அட்லஸ் வேன் எனக்கு வந்தது. ஒரு சக்கரம் கிடையாது. அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்த் தொலைத்துவிட்டு நான் அழுத அழுகைக்கு, அடுத்த தீபாவளி போனஸில் அப்பா குன்னூர் பஜாரில் அதே வேனை வாங்கி வந்தார். அடியில் மட்டும் வேறு பெயர்: நிக்கி. அது இன்றும் என்னிடம் இருக்கிறது. தொலைந்ததை ஈடுசெய்யத்தான் இத்தனை வயதில் உங்களிடம் வந்தேன்.

விவரம் அறியாதவர் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். டிங்கி பொம்மைகளை லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் மெக்கானோ நிறுவனம் செய்தது. அங்கே ஓய்ந்த டைகள், அதாவது பொம்மையை வார்க்கும் இரும்பு அச்சுகள், சில கல்கத்தாவுக்கு வந்தன. 1960களின் கடைசியிலிருந்து இங்கே அவற்றில் வார்த்து நிக்கி என்று விற்றார்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: ஐந்தெழுத்தில் முதலாவதையும் மூன்றாவதையும் மாற்றினால் டிங்கி நிக்கியாகிவிடும். அட்லஸ் வேன் நம் நாட்டில் ஸ்டாண்டர்ட் 20 என்ற பெயரில் ஓடிய வண்டிதான். அதனால் பொம்மைக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். நிக்கியைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். தொடாத நிக்கி ஒன்றை நிக்கி என்றே சொல்லி இதே விலை கேட்டிருந்தால் நான் பேரம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

இனி அந்த மேட்டுக்கோடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலை அரைக்கும் சி.டி.சி. ரோலருக்குப் பல் வெட்டியவன் நான். தேய்ந்த இரும்பு எப்படிப் பேசும் என்று தெரியும். பொம்மை தரையில் உரசினால் கீறல் பள்ளமாக விழும். டையில் கீறல் விழுந்தால், உருகிய துத்தநாகக் கலவை அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து, வெளியே வரும் ஒவ்வொரு பொம்மையிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் மேடாக நிற்கும். ஆக, உங்கள் மேட்டுக்கோடு டை பட்ட காயம். ‘முதல் வார்ப்பு’ என்றும் எழுதுகிறீர்கள், காயம்பட்ட டையின் அடையாளத்தையும் பெருமையாகக் காட்டுகிறீர்கள். புது டைக்கு முதல் நாளே காயமா? என் நிக்கியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பின்கண்ணாடிக்குக் கீழே, இடப்பக்க மூலையிலிருந்து தொடங்கி அரிசி நீளத்துக்கு அதே கோடு. நகத்தை ஓட்டினால் இரண்டிலும் ஒரே இடத்தில் தடுக்குகிறது.

கோடு ஒன்றே போதும் என்று வாதாட மாட்டேன். லிவர்பூலில் கடைசிக் காலத்தில் வார்த்த வேனிலும் அது இருந்திருக்கலாம். ஆனால் மற்றவற்றைப் பாருங்கள். கதவுக் கோடுகள் மழையில் கரைந்த வெல்லம்போல் மழுங்கியிருக்கின்றன. சக்கர வளைவில் பிசிறை அரத்தால் ராவிய தடம் பெயிண்டுக்கு அடியில் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேல் ரிவெட். இந்த வகைப் பொம்மையில் ரிவெட் தனிப் பொருளே அல்ல. உடலோடு சேர்த்து வார்த்த சிறு தண்டு. அடித்தகட்டின் துளை வழியே அது வெளியே வரும். நுனியை அழுத்தி விரித்துவிடுவார்கள். விரிந்த தலை உடலின் அதே மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியதில் பளபளக்கும் அலுமினிய ரிவெட். டிரில் பிட் வழுக்கிய வட்டக் கீறல் தகட்டில் அப்படியே இருக்கிறது. அதன் ஓரத்து இடுக்கில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நீலத்துக்கு அடியில் பச்சைப் பெயிண்ட்!

இதையெல்லாம் படத்தோடு எழுதியபோது உங்கள் பதில் இரண்டே வரி: ‘வார்ப்பில் சிறு வேறுபாடுகள் சகஜம். மலைப்பகுதி ஈரப்பதத்தால் பொருளில் மாற்றம் ஏற்பட்டிருக்கலாம்.’ குன்னூரில் ஐப்பசி மழைக்குச் செருப்பில் பூஞ்சை பூக்கும், இரும்பு ஆக்ஸில் துருப்பிடிக்கும், ஒட்டுப்படம் உரியும். துத்தநாக ரிவெட் அலுமினியமாக மாறி நான் பார்த்ததில்லை. பார்சல் பர்லியாறு தாண்டி என் வீட்டுக்கு வந்த அன்றைக்கே படம் எடுத்து அனுப்பிவிட்டேன்; மாறுவதற்கு நேரமும் இல்லை.

வார்ப்பு வேறுபாடு என்பது தொழிற்சாலையில் டையை மாற்றியதால் வருவது. மேட்ச்பாக்ஸ் என்ற இன்னொரு பொம்மை வரிசையின் 5ஆம் எண் லண்டன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 முதல் 1965 வரை நான்கு தனித்தனி வார்ப்புகள், ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சற்றுப் பெரியது. அதைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு ஒரு மில்லிமீட்டரும் முக்கியம். டிரில்லும் டப்பா பெயிண்டும் வைத்துக்கொண்டு பட்டறையில் பின்னால் செய்தது அந்தக் கணக்கில் சேராது. உங்கள் பட்டியலில் ‘அரிய வார்ப்பு’ என்ற தலைப்பில் இன்னும் ஆறு வண்டிகள் கிடக்கின்றன. அவற்றில் இரண்டின் அடிப்பக்கத்துக்குப் படமே போடவில்லை. அடியைக் காட்டாதவனிடம் மாடும் வாங்கக் கூடாது, பொம்மையும் வாங்கக் கூடாது என்று என் கூட்டாளி ஒருவர் சொல்வார், நான்தான் கேட்கவில்லை.

‘சேகரிப்புப் பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற உங்கள் நிபந்தனை இங்கே செல்லாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நீங்கள்தான் மலையேறி வர வேண்டியிருக்கும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் 14,500 ரூபாயையும் கூரியர் கட்டணம் 180 ரூபாயையும் என் கணக்கில் செலுத்துங்கள். பணம் வந்ததும் வேனைத் திருப்பி அனுப்புகிறேன். அந்தச் செலவும் உங்களுடையது. திரும்பிய வேனை மறுபடி விற்பதானால், ‘நிக்கி உடல், மாற்றிய அடித்தகடு, மறுபெயிண்ட்’ என்று எழுதி விற்க வேண்டும். அடித்தகட்டில் ஒரு சிறு அடையாளம் இட்டிருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்.

இணைப்பு: ரசீது நகல், விளம்பரப் பக்கத்தின் அச்சுப்படி, இரு வேன்களையும் அருகருகே வைத்து எடுத்த படங்கள் 9, உங்கள் இரண்டு வரிப் பதில்.